டயாலிசிஸ் வரை போகாமல் தடுக்க முடியுமா? டாக்டர் மணி காட்டிய வழி

பண்ருட்டியை ஒட்டி, கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது திருவதிகை. அங்கே ஒருவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன, கடலூரில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 முறை. மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூர் சுமார் 25 கிலோமீட்டர். போய்வர 50. ஆண்டு முழுவதும் சேர்த்தால் 7,800 கிலோமீட்டர் பயணம். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் என்றால் மொத்தம் 624 மணி நேரம், அதாவது இரவும் பகலும் சேர்ந்த முழு 26 நாட்கள். கூடவே வருபவர் மனைவியோ மகனோ. அவரது வேலையும் வாரத்தில் மூன்று நாள் போய்விடுகிறது.

இது ஒருவருடைய கணக்கு. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் என்று நம் ஊர்களில் இப்படிப்பட்ட குடும்பங்களை நாம் அறிவோம். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் துண்டு விரித்து உதவி கேட்கப்படுகிறது. வாட்ஸ்அப் குழுக்களில் மருத்துவமனைச் சீட்டுகள் வருகின்றன. அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடி மக்களும் தங்களால் முடிந்ததைத் தருகிறார்கள். அந்த உதவி தொடர வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்த நோயாளிகளில் எத்தனை பேரை இந்த நிலைக்கு வராமலேயே காத்திருக்கலாம் என்ற கேள்வியும் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு நம் தமிழ்நாட்டிலேயே, சென்னைக்கு அருகிலுள்ள சில கிராமங்களில், ஒரு மருத்துவர் விடை கண்டார். அந்த விடையை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

சிறுநீரகம் என்ன செய்கிறது?

முதுகுப்புறம், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியில், முதுகெலும்பின் இருபக்கமும் கைமுட்டி அளவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண் வடிகட்டிகள். இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்குத்தான் போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் தேவையானதையெல்லாம் உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன.

கழிவை நீக்குவதோடு இவற்றின் வேலை முடிவதில்லை. இரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பது, பொட்டாசியம் போன்ற தாதுக்களின் அளவைக் காப்பது, இரத்த அணுக்கள் உற்பத்தியாவதற்கான ஹார்மோனைச் சுரப்பது, எலும்புக்குத் தேவையான வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவது ஆகியவையும் இவற்றின் பொறுப்பே. அதனால்தான் சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தசோகையும் எலும்பு வலியும் சேர்ந்தே வருகின்றன.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சிறுநீரகம் வலிக்காமலேயே கெடும். பாதிக்கு மேல் சேதமான பிறகும் ஒருவர் வழக்கம்போல் கடைக்குப் போவார், விருந்து சாப்பிடுவார். முக வீக்கம், கால் வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி என்று அறிகுறிகள் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ‘நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தார்’ என்று உறவினர்கள் சொல்வது இதனால்தான்.

நம் வீடுகளில் ‘உப்பு ஏறிவிட்டது’ என்று சொல்கிறோம். இரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின் என்ற கழிவுகள் கூடிவிட்டதைத்தான் அப்படிச் சொல்கிறோம். அது சமையல் உப்பு அல்ல. சமையல் உப்பை நிறுத்திவிட்டால் அந்த ‘உப்பு’ இறங்கிவிடும் என்று நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. சமையல் உப்பைக் குறைப்பது நல்லதுதான். இரத்த அழுத்தம் குறைய அது உதவும். ஆனால் மருத்துவத்துக்கு அது மாற்று ஆகாது.

டயாலிசிஸ் பிறந்த கதை

சிறுநீரகம் நின்றுவிட்டால் மரணம் என்பதுதான் 1940கள் வரை நிலைமை. ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில், காம்பன் என்ற சிறு நகரத்தின் மருத்துவமனையில், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் 1943ஆம் ஆண்டு முதல் செயற்கைச் சிறுநீரகத்தை நோயாளிக்குப் பயன்படுத்தினார். போர்க்காலத் தட்டுப்பாட்டில் கிடைத்ததைக் கொண்டுதான் அதைச் செய்தார். இறைச்சி அடைக்கப் பயன்படும் செலோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி, உப்புக் கரைசல் நிரம்பிய தொட்டியில் சுழலவிட்டார். நோயாளியின் இரத்தம் அந்தக் குழாய்க்குள் ஓட, அதிலிருந்த கழிவு கரைசலுக்குள் இறங்கியது.

முதலில் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய அனைவரும் இறந்துபோனார்கள். அவர் விடவில்லை. 1945இல், நினைவிழந்து கிடந்த 67 வயதுப் பெண் ஒருவர் கண் விழித்தார். அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தார். கோல்ஃப் தன் கருவிக்குக் காப்புரிமை கோரவில்லை. போர் முடிந்ததும் தான் செய்த இயந்திரங்களை மற்ற நாடுகளின் மருத்துவமனைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்.

அப்போதும் ஒரு தடை இருந்தது. ஒவ்வொரு முறையும் இரத்தக் குழாயை வெட்டித்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். சில முறைக்குப் பிறகு வெட்ட இடமே இருக்காது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர், கையில் நிரந்தரமாக இருக்கும்படி டெஃப்லான் குழாய் ஒன்றைப் பொருத்தினார். அப்படிப் பொருத்தப்பட்ட முதல் நோயாளி 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1966இல் நியூயார்க் மருத்துவர்கள் கையிலுள்ள தமனியையும் சிரையையும் தோலுக்கு அடியிலேயே இணைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று நம் ஊர் நோயாளிகள் ‘ஃபிஸ்டுலா போட்டிருக்கிறேன்’ என்று சொல்வது அதைத்தான்.

சியாட்டிலில் அந்த ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. இயந்திரங்கள் சில, நோயாளிகளோ பலர். யாருக்கு இயந்திரம், யாருக்கு இல்லை என்று முடிவு செய்ய ஊர்ப் பொதுமக்களைக் கொண்டே ஒரு குழு அமைத்தார்கள். யார் வாழ்வது என்று மனிதர்கள் சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஏழை நாடுகளில் அந்தக் குழுவின் வேலையைப் பணம் செய்தது. பணம் உள்ளவர் இயந்திரத்துக்குப் போனார், இல்லாதவர் வீட்டுக்குப் போனார்.

டயாலிசிஸ் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

ஒருமுறை டயாலிசிஸ் செய்யச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரம் அது ஓடுகிறது. மெல்லிய சவ்வுக்கு ஒருபுறம் இரத்தம், மறுபுறம் அந்தத் திரவம். கழிவும் கூடுதல் நீரும் இரத்தத்திலிருந்து வெளியேறுகின்றன.

ஆனால் இது சிறுநீரகத்தின் வேலையில் ஒரு சிறு பங்கைத்தான் ஈடுசெய்யும். உண்மையான சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் உழைக்கிறது; இயந்திரமோ 12 மணி நேரம். ஹார்மோன்களை இயந்திரம் சுரக்காது, அதனால்தான் தனியாக ஊசி போட வேண்டியிருக்கிறது. டயாலிசிஸ் நோயைக் குணப்படுத்துவதில்லை. உயிரைத் தாங்கிப் பிடிக்கிறது. அது பெரிய அருட்கொடை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது கடைசிப் படி என்பதை மறந்துவிடக் கூடாது.

டாக்டர் மணி போட்ட கணக்கு

டாக்டர் எம்.கே. மணி இந்தியாவின் மூத்த சிறுநீரக மருத்துவர்களில் ஒருவர். மும்பை ஜஸ்லோக் மருத்துவமனையிலும் பிறகு சென்னை அப்போலோவிலும் பணியாற்றியவர். 1991இல் பத்ம பூஷண் விருது பெற்றவர். டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்று நவீன மருத்துவத்தின் எல்லா வசதிகளும் அவர் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தன. ஆனாலும் அந்த வசதி இந்நாட்டின் மிகச் சிலரைத்தான் எட்டுகிறது என்பதை அவர் தினமும் பார்த்தார். இயந்திரங்களின் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் நோயாளிகளின் எண்ணிக்கையை அது பிடிக்காது. ஆகவே, நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே வழி என்ற முடிவுக்கு வந்தார்.

சென்னையின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம், 1990களின் பிற்பகுதியில், சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் ஏறத்தாழ 25,000 மக்களிடையே ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பெரிய மருத்துவமனை கட்டவில்லை, விலையுயர்ந்த கருவி வாங்கவில்லை. அந்தக் கிராமங்களிலேயே பள்ளிப் படிப்பு முடித்த இளம் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய்ச் சில கேள்விகள் கேட்டார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள்.

அந்தச் சிறுநீர்ப் பரிசோதனை, பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகள் செய்யும் சோதனை போன்றது. ஓர் அமிலத்தைச் சில துளி விட்டால், சிறுநீரில் புரதம் இருக்கும்போது அது பால்போல் கலங்கும். பெனடிக்ட் கரைசல் என்ற நீல நிறத் திரவத்தோடு சேர்த்துச் சூடாக்கினால், சர்க்கரை இருக்கும்போது பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நிறம் மாறும். சந்தேகத்துக்குரியவர்களை மருத்துவர் வந்து பார்ப்பார். தேவையானவர்களுக்கு மேற்கொண்டு இரத்தப் பரிசோதனை நடக்கும்.

மருந்துகளும் அப்படித்தான். சந்தையில் புதிதாக வந்தவை அல்ல, மிக மலிவான பழைய மருந்துகள். இரத்த அழுத்தத்துக்கு ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ரலசின். சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின். இதில் ரெசர்பின், நம் நாட்டின் சர்ப்பகந்தா செடியின் வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அந்த வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதியபோதுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

முடிவு என்ன? இரத்த அழுத்தம் இருந்தவர்களில் 96 சதவீதம் பேருக்கு அது 140/90க்குக் கீழே வந்தது. சர்க்கரை நோயாளிகளில் 52 சதவீதம் பேருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை கட்டுப்பாட்டுக்குள் வந்தது. நகரங்களின் பெரிய மருத்துவமனைகளும் எளிதில் எட்டாத விகிதம் இது. இந்தத் திட்டத்துக்கு ஆன செலவு, மக்கள்தொகையில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் கால் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 12 ரூபாய். 2003இல் ‘கிட்னி இன்டர்நேஷனல்’ என்ற உலக ஆய்விதழில் இது வெளியானது.

ஒரு நிமிடம் நின்று இந்தக் கணக்கை நம் மஹல்லாவுக்குப் போட்டுப் பார்ப்போம். 300 குடும்பங்கள், 1,500 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய விலையில் ஆண்டுக்கு 18,000 ரூபாய். விலைவாசி பத்து மடங்கு கூடிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் 1,80,000 ரூபாய். தனியாரிடம் டயாலிசிஸ் செய்ய ஒருமுறைக்கு ஆயிரம் ரூபாய் என்று குறைத்தே கணக்கிட்டாலும் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,56,000 ரூபாய். அதாவது, ஒரு நோயாளியின் ஓராண்டு டயாலிசிஸுக்காக நாம் திரட்டும் தொகைக்குக் கிட்டத்தட்ட சமமான பணத்தில் ஒரு மஹல்லா முழுவதையும் கண்காணிக்கலாம்.

இன்று கைக்கு வந்திருப்பவை

டாக்டர் மணி தொடங்கிய காலத்தைவிட இன்று நமக்கு வாய்ப்புகள் அதிகம். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று நிறம் மாறும் பட்டையைக் கொண்டு ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். தமிழ்நாடு அரசு 2023இல் சிறுநீரகப் பாதுகாப்புக்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இந்தப் பரிசோதனையைக் கொண்டு சென்றிருக்கிறது. இரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தால், வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு இஜிஎஃப்ஆர் என்ற எண்ணைப் பல ஆய்வகங்கள் அறிக்கையிலேயே தருகின்றன. சிறுநீரகம் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று அதைத் தோராயமாகப் புரிந்துகொள்ளலாம். மூன்று மாதங்களுக்கு மேலாக 60க்குக் கீழே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே போனால் சிறுநீரகச் செயலிழப்பு.

மருந்துகளும் முன்னேறியிருக்கின்றன. சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் குறைக்கும் எனலாப்ரில், லோசார்டன் போன்ற மாத்திரைகள் மலிவாகவே கிடைக்கின்றன. சர்க்கரைக்கென்று வந்த டபாக்ளிஃப்ளோசின் என்ற மருந்தைக் குறித்து 21 நாடுகளில் 4,304 சிறுநீரக நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2020இல் வெளியானது. சிறுநீரகம் பாதியாகச் சரிவது, முற்றிலும் செயலிழப்பது, சிறுநீரக அல்லது இதய நோயால் இறப்பது ஆகியவை சேர்ந்த அபாயம் 39 சதவீதம் குறைந்தது. சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பலன் தெரிந்தது. இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததால் விலையும் வெகுவாக இறங்கியது. யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ‘வந்தால் ஒன்றும் செய்ய முடியாது’ என்ற காலம் போய்விட்டது என்பதை நாம் அறிய வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் செய்ய நிறைய இருக்கிறது.

செயலிழந்த பிறகும் எல்லோருக்கும் இயந்திரம்தான் வழி என்பதில்லை. வயிற்றின் உட்புறச் சவ்வையே வடிகட்டியாகப் பயன்படுத்தும் வயிற்றுவழி டயாலிசிஸ் உண்டு. நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை, இரண்டு லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் ஏற்றி இறக்குவார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளலாம், கைச்சுத்தம் மிக முக்கியம். 1990களின் தொடக்கத்தில் இதை இந்தியாவில் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் சென்னை மருத்துவர் ஜார்ஜி ஆபிரகாம். 1993இல் தொடங்கிய டேங்கர் அறக்கட்டளை மூலம் ஏழைகளுக்குக் குறைந்த செலவிலும் இலவசமாகவும் டயாலிசிஸ் கிடைக்க வழிசெய்தவரும் அவர்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தத் திரவப் பைகள் வீட்டுக்கே தரப்படுகின்றன. திருவதிகையிலிருந்து ஆண்டுக்கு 7,800 கிலோமீட்டர் போய்வருபவருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம்! மருத்துவரிடம் ‘எனக்கு இது பொருந்துமா’ என்று கேட்பதற்காவது இப்படி ஒரு முறை இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

அரசு மருத்துவமனைகளிலும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மத்திய அரசும் 2016இல் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தது. காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்கள் நோய் வரும்வரை காத்திராமல் இப்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நம் வீடுகளில் யார் பரிசோதிக்க வேண்டும்?

சர்க்கரை உள்ளவர்கள், பிரஷர் உள்ளவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், சிறுநீரகக் கல் அடிக்கடி வருபவர்கள், கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறிய பெண்கள் ஆகியோர் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு டயாலிசிஸ் என்றால் அவருடைய உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். நாம் பெரும்பாலும் இதைத்தான் மறந்துவிடுகிறோம். அத்தாவை வாரம் மூன்று முறை ஆட்டோவில் ஏற்றி இறக்கும் மகன், தன் பிரஷரை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்.

நம் சபுராளிகளை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். வளைகுடாவின் வெயிலில் கட்டட வேலை, கிடங்கு வேலை. குடிக்கத் தண்ணீர் குறைவு. உடல் வலிக்கு வலி மாத்திரை. கடும் வெப்பமும் நீர்ச்சத்துக் குறைவும் திரும்பத் திரும்பச் சேர்ந்தால் சர்க்கரையோ பிரஷரோ இல்லாதவர்களின் சிறுநீரகமும் கெடக்கூடும் என்பதை மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்கள் முதல் நம் தமிழ்நாட்டு உப்பளங்கள் வரை ஆய்வாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். விடுமுறையில் ஊர் வரும் சகோதரர்கள் ஒரு நாளைப் பரிசோதனைக்கு ஒதுக்கட்டும்.

டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் விழுங்குவதை நிறுத்த வேண்டும். என்ன கலந்திருக்கிறது என்று சொல்லப்படாத பொடிகளும் லேகியங்களும் அப்படியே. ‘மூலிகைதானே’ என்று எண்ண வேண்டாம். ஆடுதீண்டாப்பாளை இனச் செடிகளில் உள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாக அழிக்கும் என்பது 1990களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மருந்து உட்கொண்ட பெண்களிடம் வெளிப்பட்டது.

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு

ஃபிஸ்டுலா போட்ட கையில் ஊசி போடவோ, இரத்தம் எடுக்கவோ, பிரஷர் பார்க்கவோ விடக் கூடாது. அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, அதன்மேல் தலைவைத்துத் தூங்கவும் கூடாது. கையில் தொட்டால் தெரியும் அதிர்வைத் தினமும் பார்க்க வேண்டும். அது நின்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்தில் குழாய் உள்ளவர்கள் அந்த இடம் நனையாமல் காக்க வேண்டும். ஒளு, குளிப்பு விஷயத்தில் உள்ள சலுகைகளை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உணவில் பொட்டாசியம் பெரிய ஆபத்து. அது இரத்தத்தில் கூடினால் இதயத்துடிப்பு திடீரென நின்றுவிடலாம். நம் பண்ருட்டிப் பலாவின் 100 கிராம் சுளையில் சுமார் 450 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. 100 கிராம் பேரீச்சம்பழத்தில் 650 மில்லிகிராம். இளநீரிலும் அதிகம். சுகமானவருக்கு இவை நல்ல உணவு. டயாலிசிஸ் நோயாளிக்கு, ‘உடம்புக்குக் குளிர்ச்சி’ என்று உறவினர் அன்போடு கொடுக்கும் இளநீர் உயிருக்கே கேடாகலாம். நோயாளியைப் பார்க்கப் போகும்போது என்ன வாங்கிப் போகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்பு தாகத்தைக் கூட்டும். தாகத்தில் குடிக்கும் நீர் வெளியேற வழியின்றி நுரையீரலில் தேங்கும்.

நோன்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். டயாலிசிஸில் இருப்பவர்களையும் சிறுநீரகம் வெகுவாகக் குறைந்தவர்களையும், நோன்பு வைத்தால் அதிக ஆபத்துக்கு உள்ளாகுபவர்கள் என்றே சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்கள் வகைப்படுத்துகின்றன. நோய் தொடக்க நிலையில் இருப்பவர்களில் சிலர் மருத்துவரின் கண்காணிப்பில் வைக்கலாம். மாத்திரை நேரங்களை ரமளானுக்கு முன்பே மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை ஏற்பது ஈமானில் குறை அல்ல. ‘எல்லோரும் வைக்கும்போது நான் மட்டும் எப்படி’ என்று மனம் வருந்தி, மருந்தை நிறுத்திவிட்டு நோன்பு வைக்கும் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வது பிள்ளைகளின் கடமை. ஃபித்யா பற்றிய விவரங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்?

டாக்டர் மணியின் திட்டத்தில் நமக்குப் பாடம் இருப்பது அந்தக் கிராமத்துப் பெண்களிடம். பள்ளிப் படிப்பு முடித்த பெண் பிள்ளைகள் நம் மஹல்லாவில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மருந்தாளுநர், செவிலியர், ஆய்வகப் படிப்புப் படித்தவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்து பெண்களிடம் பேச, பிரஷர் பார்க்க, அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வளாகத்தில் பிரஷர், சர்க்கரை, சிறுநீர்ப் புரதம் மூன்றையும் பார்க்க ஏற்பாடு செய்யலாம். பெண்களுக்கு மதரஸாவில் தனி நாள் வைக்கலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகினால் அவர்களும் ஒத்துழைப்பார்கள். ஒருமுறை முகாம் நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடக் கூடாது. யாருக்குப் புரதம் இருந்தது, அவர் மருத்துவரைப் பார்த்தாரா, மாத்திரை தொடர்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதி, திரும்பத் திரும்பப் போய்க் கேட்பதுதான் உண்மையான வேலை. அந்த 96 சதவீதம் அப்படித்தான் வந்தது. ஏழை நோயாளிகளின் தொடர் மாத்திரைக்கு ஜகாத், ஸதகா நிதியை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை உலமாக்களோடு கலந்து முடிவு செய்யலாம்.

டயாலிசிஸுக்காக இன்று கையேந்தி நிற்கும் சகோதரருக்கு நாம் கொடுத்துக்கொண்டே இருப்போம். அதோடு, ஐந்து பத்து ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் வந்து நிற்கக்கூடியவர் இன்று நம்மோடு ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார் என்பதையும் நினைவில் வைப்போம். அவருக்கே அது தெரியாது. ஒரு சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இந்த வாரமே உங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த 7,800 கிலோமீட்டர் பயணம் இன்னொரு குடும்பத்துக்கு வராமல் போகட்டும்.